இரண்டு பெனால்டிகளுக்கு நடுவே பதிமூன்று வருடம்

சாகி குமகாய் என்ற பெயர் நினைவிருக்கிறதா என்று கால்பந்து பார்க்கும் நண்பர்களிடம் கேட்டால், பாதிப் பேர் விழிப்பார்கள். "2011 உலகக் கோப்பையில கடைசி பெனால்டி அடிச்ச ஜப்பான் பொண்ணு" என்றால் உடனே தலையாட்டுவார்கள். ஐரோப்பிய கிளப் கால்பந்து பார்ப்பவர்கள் 2016 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அவர் அடித்த இன்னொரு கடைசி பெனால்டியைச் சொல்வார்கள். பாரிஸ் ஒலிம்பிக் பார்த்தவர்களுக்கு பிரேசிலுக்கு எதிராக 92-வது நிமிடத்தில் அடித்தது ஞாபகம் வரும். இவர் பிழைப்பு கோல் போடுவதல்ல, கோல் விழாமல் பார்த்துக்கொள்வது. ஜப்பானுக்காக 150 ஆட்டங்களுக்கு மேல் பின்வரிசையில் நின்றவரை மூன்று உதைகளை வைத்து அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்த ஆதங்கமும் உண்டு. பள்ளி அணியில் என்னை பேக்காகத்தான் நிறுத்தினார்கள். வேகமாக ஓட வராதவனைப் பின்னால் தள்ளிவிடுவது அன்றைய வழக்கம். அதனாலோ என்னவோ, டிவியில் மேட்ச் ஓடும்போதும் கண் பந்தை விட்டுவிட்டுப் பின்னால் போய்விடும். பந்து எதிர்ப் பாதியில் இருக்கும்போது சென்டர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர், எங்கே நிற்கிறார், யாரைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார், எத்தனை அடி முன்னே வந்திருக்கிறார் என்று பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போன ஆட்டக்காரர்தான் குமகாய்.

1990 அக்டோபரில் ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளிக்காக வீட்டை விட்டு செண்டாய் நகரத்துக்குப் போனார். அங்கே தொகிவாகி ககுவென் என்ற பள்ளி பெண்கள் கால்பந்துக்குப் பேர்போனது. அங்கே படிக்கும்போதே, 2008-ல், தேசிய அணிக்கு ஆடிவிட்டார். அப்போது வயது 17. பிறகு சுகுபா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே உராவா ரெட் டயமண்ட்ஸ் பெண்கள் அணியில் ஆட்டம்.

அன்றைய ஜப்பானியப் பெண்கள் கால்பந்தில் இது சாதாரணம். படிப்பவர்கள் படித்துக்கொண்டே ஆடினார்கள், மற்றவர்கள் எங்காவது வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். முழுநேரத் தொழில்முறை லீக் என்று ஒன்று அங்கே வந்ததே 2021 செப்டம்பரில்தான். உலகக் கோப்பையை வென்று பத்து வருடம் கழித்து! இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறாது.

அந்தப் பின்வரிசையில் குமகாய்க்கு இடப்பக்கம் ஆடியவர் ஆயா சமேஷிமா. இவரும் அதே செண்டாய் பள்ளியில் படித்தவர், சில வருடம் மூத்தவர். படிப்பு முடித்ததும் டெப்கோ மரீஸ் என்ற அணியில் சேர்ந்தார். டெப்கோ என்றால் டோக்கியோ மின்சார நிறுவனம். அணி ஃபுகுஷிமாவில் இருந்தது. ஆட்டக்காரர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். சமேஷிமாவுக்கு வேலை கிடைத்த இடம் ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது அங்கே என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். பக்கத்திலேயே ஜே-வில்லேஜ் என்று பெரிய கால்பந்துப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. அதே மின்சார நிறுவனம் கட்டிக் கொடுத்தது. வரிசையாகப் பசும்புல் மைதானங்கள். விபத்துக்குப் பிறகு அந்த இடம் அணு உலையைக் கட்டுப்படுத்தப் போகிறவர்களின் முகாமாகிவிட்டது. புல்தரை மேல் வண்டிகள், பாதுகாப்பு உடை போட்ட தொழிலாளர்கள். அணி கலைந்தது. சமேஷிமா அமெரிக்காவில் பாஸ்டன் பிரேக்கர்ஸ் அணியில் இடம் பிடித்துப் போனார். நான்கு மாதத்தில் உலகக் கோப்பை.

பின்வரிசையின் நடுவில் குமகாய்க்குத் துணை அசுசா இவாஷிமிசு. அவருக்குச் சொந்த ஊர் இவாதே மாநிலம், அதன் கரையையும் சுனாமி வாரிக்கொண்டு போனது. குமகாய் மூன்று வருடம் படித்த செண்டாயும் அதே கரைதான். வலப்பக்கம் யுகாரி கிங்கா. இந்த நால்வரில் மூவருக்கு அந்தப் பகுதியோடு வாழ்க்கை பிணைந்திருந்தது. அந்த உலகக் கோப்பை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "துயரத்தில் இருந்த நாட்டுக்கு ஆறுதல்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள். பின்வரிசையின் முகவரிகளைப் பார்த்தால் அந்த வரியின் கனம் வேறு.

லீக் சுற்றில் நியூசிலாந்தை 2-1, மெக்சிகோவை 4-0 என்று ஜெயித்துவிட்டு இங்கிலாந்திடம் 0-2 தோற்றார்கள். அந்தத் தோல்விக்குத் தண்டனையாகக் காலிறுதியில் கிடைத்தது ஜெர்மனி. போட்டியை நடத்தும் நாடு, 2003-லும் 2007-லும் கோப்பையை எடுத்த அணி. பயிற்சியாளர் நோரியோ சசாகி அந்த ஆட்டத்துக்கு முன்னால் பெண்களுக்குச் சுனாமி அழிவின் படங்களைப் போட்டுக் காட்டினார். வோல்ஃப்ஸ்பர்கில் 108-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த கரினா மருயாமா ஒரே கோல் போட்டார், ஜெர்மனி வெளியே. மருயாமாவும் ஒரு காலத்தில் டெப்கோ மரீஸில் ஆடியவர்தான். கோல் போட்டவர் பெயர் நிற்கும், சரி. அந்த 120 நிமிடமும் ஜெர்மனியின் உயரமான பெண்கள் தூக்கிப்போட்ட பந்துகளையெல்லாம் தட்டித் தட்டி வெளியே அனுப்பியது யார்?

அரையிறுதியில் சுவீடன் 3-1. அப்புறம் இறுதி.

இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம் அது. விடிந்தால் திங்கட்கிழமை, ஆபீஸ். ஜப்பானில் அப்போது அதிகாலை மணி மூன்றே முக்கால். ஆனால் அவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை 'கடல் தினம்' என்று அரசு விடுமுறை. கொடுத்துவைத்தவர்கள். மைதானத்தில் 48,817 பேர். அமெரிக்கா முதல் பாதியில் போட்ட போட்டுக்கு மூன்று கோலாவது விழுந்திருக்க வேண்டும். வாம்பாக் அடித்த ஒன்று குறுக்குக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. 69-வது நிமிடத்தில் நீளமாக வந்த ஒரு பந்தை அலெக்ஸ் மோர்கன் துரத்திப் பிடித்து அடித்தார், 1-0. 81-ல் ஜப்பானின் மியாமா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 104-ல் வாம்பாக் தலையால் முட்டி 2-1. 117-ல் கார்னர். மியாமா தாழ்வாக அனுப்பிய பந்தை முன்கம்பத்துக்கு ஓடிவந்த ஹொமாரே சவா பாதத்தின் வெளிப்புறத்தால் தொட்டுத் திருப்பினார். 2-2. இந்தக் கோலைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது.

எழுதப்படாதது அதற்கு அப்புறம் நடந்தது. ஆட்டம் முடிய நொடிகளே இருக்கும்போது மோர்கன் பந்தோடு பெனால்டி பெட்டியை நோக்கிப் பாய்கிறார். உள்ளே நுழைந்துவிட்டால் கோல்கீப்பர் மட்டும்தான். இவாஷிமிசு பெட்டிக்கு வெளியிலேயே காலை நீட்டிச் சரிந்து விழுந்தார், மோர்கனும் விழுந்தார். சிவப்பு அட்டை. எதிர்ப்பு, கையை விரிப்பது, நடுவரைச் சூழ்வது எதுவும் இல்லை. இவாஷிமிசு எழுந்து நடந்துவிட்டார். உலகக் கோப்பை இறுதியின் பெனால்டிகளைப் பார்க்கக்கூட அவருக்கு மைதானத்தில் இடமில்லை. அந்த ஃப்ரீ கிக்கைத் தடுத்துவிட்டார்கள், விசில் ஊதியது. அந்தக் கோப்பையை வென்ற தருணம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சவாவின் கோலுக்கும் மேலே. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பெனால்டிக்கு முன்னால் ஜப்பான் வட்டமாக நின்றபோது சசாகி சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள். இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் எட்டிப் பிடித்தவர்களுக்கு இனி இழக்க என்ன இருக்கிறது? அமெரிக்கப் பக்கம் முகங்கள் இறுகிக் கிடந்தன. ஷானன் பாக்ஸ் அடித்ததை ஜப்பான் கோல்கீப்பர் அயுமி கைஹோரி காலால் தடுத்தார். கார்லி லாய்ட் வானத்துக்கு அனுப்பினார். டோபின் ஹீத் அடித்ததையும் கைஹோரி பிடித்தார். ஜப்பானில் மியாமாவும் சகாகுச்சியும் போட்டார்கள், நாகசாதோவின் பந்தை அமெரிக்க கோல்கீப்பர் ஹோப் சோலோ தடுத்தார். வாம்பாக் தன்னுடையதைப் போட்ட பிறகு, நான்காவதாக, நான்காம் எண் சட்டை போட்ட இருபது வயதுப் பெண் நடந்துவந்தாள்.

அந்த அணியில் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. உலகின் சிறந்த வீராங்கனை என்று அந்த வருடம் பெயர் வாங்கப்போகிற சவா நடுக்கோட்டில் நின்றுகொண்டிருக்கிறார். உலகக் கோப்பையை முடித்து வைக்கும் உதை பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு சென்டர் பேக்குக்கு வந்து சேர்கிறது. சோலோ நேரம் கடத்திப் பார்த்தார். குமகாய் பந்தை வைத்தார், பின்னால் போனார், ஓடிவந்து மேல்வலைக்கு உயர்த்தி அடித்தார். தாழ்வாக ஓரத்துக்குத் தள்ளுவதுதான் பத்திரம் என்று எல்லாக் கோச்சுகளும் சொல்வார்கள். மேலே அடித்தால் லாய்டுக்கு நடந்தது நடக்கலாம். அதைச் சில நிமிடம் முன்னால் கண்ணால் பார்த்தவர்தான் மேலே அடித்தார். ஒரு ஆசிய நாடு கால்பந்து உலகக் கோப்பையை எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஊருக்குத் திரும்பினால் கொண்டாட்டம். பிரதமர் கையால் மக்கள் கௌரவ விருது. அதுவரை தனிமனிதர்களுக்கே கொடுத்த விருதை முதல்முறையாக ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். சரி, மரியாதை அதோடு வளர்ந்ததா என்றால், அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே விமானத்தில் கிளம்பின. ஆண்களுக்கு பிசினஸ் கிளாஸ். உலக சாம்பியன்களுக்குப் பின்னால் பிரீமியம் எகானமி. வெம்பிளியில் 80,203 பேர் பார்க்க அமெரிக்காவிடம் 1-2 தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்கியவர்கள், திரும்பும்போது பிசினஸ் கிளாஸில் வந்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் நான்காம் இடம்.

குமகாய் அதற்குள் ஜெர்மனிக்குக் குடிபோயிருந்தார். கோப்பையை வென்ற அதே ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. 2012 மே மாதம் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு வந்து, மியூனிக்கில் ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால் ஒலிம்பிக் லியோனிடம் 0-2 தோற்றது. அடுத்த வருடம் குமகாய் லியோனுக்கே போய்விட்டார். எட்டு வருடம் அங்கேதான்.

லியோன் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து சாம்பியன்ஸ் லீக். குமகாய் அந்த ஐந்திலும் இருந்தார். பிரெஞ்சு லீக் பட்டங்கள் ஏழு. வெண்டி ரெனார் போன்ற ஒரு மலை பின்வரிசையின் நடுவில் நிற்கும் அணியில் குமகாயை என்ன செய்வது? நடுக்களத்தின் அடியில், பின்வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்கள். மாதத்தில் மூன்று வாரம் அந்த வேலை. ஜப்பான் கூப்பிட்டால் விமானம் ஏறிப் போய் சென்டர் பேக். இரண்டும் ஒரே வேலை என்று மேலோட்டமாகத் தோன்றும். கிடையாது. சென்டர் பேக்குக்கு ஆட்டம் முழுக்க முகத்துக்கு நேரே நடக்கும். நடுக்களத்தில் நின்றால் முதுகுக்குப் பின்னாலும் ஆள் இருப்பார்கள். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். இந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் ஜப்பானுக்காகப் பின்னால் நிற்கும்போதும், பந்து வருவதற்கு முன் அந்தத் தலைத் திருப்பலைப் பார்க்கலாம்.

அதற்கு நடுவே வந்தது 2015 வான்கூவர். மறுபடியும் உலகக் கோப்பை இறுதி, மறுபடியும் அமெரிக்கா. 16 நிமிடத்தில் நான்கு கோல். அதில் மூன்று கார்லி லாய்ட், மூன்றாவதை மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து அடித்தார். கார்னரைத் தாழ்வாக அனுப்பிப் பின்னாலிருந்து ஓடிவருகிற தந்திரம் ஜப்பானைக் கிழித்துப் போட்டது. இவாஷிமிசு தலையால் தட்டிய பந்து எங்கோ உயரே போய் அமெரிக்காவின் ஹாலிடேயின் காலில் இறங்கியது. 33-வது நிமிடத்தில் சசாகி இவாஷிமிசுவை வெளியே எடுத்து சவாவை இறக்கினார். நான்கு வருடம் முன்பு சிவப்பு அட்டையோடு தனியாக நடந்துபோனவர், இந்த முறையும் முன்னாடியே நடந்துபோனார். அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. குமகாய் மீதி நேரம் நின்று ஆடினார். முடிவு 5-2.

அடுத்த வருடம் இன்னும் மோசம். ரியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றை ஒசாகாவில், சொந்த மண்ணில் வைத்தார்கள். ஆறு அணி, முதல் இரண்டுக்கு இடம். ஜப்பான் ஆஸ்திரேலியாவிடம் 1-3, தென் கொரியாவோடு 1-1, சீனாவிடம் 1-2. அவ்வளவுதான். சசாகி விலகினார், ஒரு தலைமுறை முடிந்தது. இது நடந்தது மார்ச் தொடக்கத்தில். மே 26-ம் தேதி இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் லியோனும் வோல்ஃப்ஸ்பர்கும் 1-1 என்று சமனாகி பெனால்டிக்குப் போயின. லியோனின் முதல் உதையை ஹெகர்பெர்க் வீணாக்கினார். கோல்கீப்பர் புஹாதி இரண்டைத் தடுத்துக் காப்பாற்றினார். கடைசி உதைக்கு வந்தவர் குமகாய். 4-3. சொந்த நாட்டு அணி சிதறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் இந்த உதையை 2011-ஐவிட மேலே வைப்பேன். இருபது வயதில் பயம் தெரியாது. 25 வயதில், தோற்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு அடிப்பது வேறு.

புதிய பயிற்சியாளர் அசாகோ தகாகுரா அவரைக் கேப்டனாக்கினார். 2018-ல் ஜோர்டானில் ஆசியக் கோப்பை கிடைத்தது. 2019 உலகக் கோப்பைக்கு இளம் அணி ஒன்றைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போனார், அதாவது தான் வேலை பார்க்கும் நாட்டுக்கே.

ரென் நகரம், ஜூன் 25, நெதர்லாந்துக்கு எதிராக இரண்டாவது சுற்று. இந்த ஆட்டத்தை நான் திரும்பப் பார்க்க விரும்பாதவன், ஆனால் இதை எழுதுவதற்காகப் பார்த்தேன். லீகே மார்டென்ஸ் கார்னரிலிருந்து குதிகாலால் தட்டிப் போட்டார், 1-0. ஹசெகாவா சமன் செய்தார். இரண்டாம் பாதி முழுக்க ஜப்பான் அடித்து ஆடியது. சுகிதா அடித்தது குறுக்குக் கம்பத்தில் இடித்தது. நெதர்லாந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடம் நெருங்கும்போது மியதேமா பெட்டிக்குள் ஓர் உதை விட்டார். குமகாய் வழியை அடைக்கப் பாய்ந்தார். பந்து உடலிலிருந்து விலகியிருந்த கையில் பட்டது.

பாய்ந்து தடுக்கிறவருக்குக் கை எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். இப்போதெல்லாம் பேக்குகள் பெட்டிக்குள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கையை வீசாமல் மனிதன் எப்படிச் சமநிலையோடு திரும்புவான்? அது என்ன விதியோ, பேக் ஆடாதவர்கள் உட்கார்ந்து எழுதியது என்றே எனக்குப் படும். ஆனால் விதி விதிதான், நடுவர் கொடுத்தது தப்பில்லை. மார்டென்ஸ் பெனால்டியைப் போட்டார். 2-1, ஜப்பான் வெளியே. தன் கையால் வந்த தோல்விக்குப் பிறகு கேப்டன் மைதானத்தில் அழுதார். அழுதுகொண்டிருந்த சின்னப் பெண்களையும் அவர்தான் தேற்ற வேண்டியிருந்தது. அதே வருடம் டிசம்பரில் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. பேக்குகளுக்கு இந்த விருது எல்லாம் எளிதில் வருவதில்லை.

லியோனின் ஐந்தாவது கோப்பையில் அவர் ஒரு கோலே போட்டார். 2020 ஆகஸ்ட் 30, சான் செபாஸ்டியன், கொரோனா காரணமாகக் காலி இருக்கைகள். எதிரணி மறுபடி வோல்ஃப்ஸ்பர்க். இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்னால் பெட்டிக்கு வெளியே கிடைத்த பந்தை இடது காலால் அடித்துக் கூட்டத்துக்கு நடுவே உள்ளே அனுப்பினார். ஆட்டம் 3-1. பெனால்டி இல்லாத குமகாய் கோல் ஒன்று பார்க்க வேண்டுமென்றால் இதைத் தேடிப் பாருங்கள்.

2021-ல் பேயர்ன் மியூனிக், அங்கே ஒரு லீக் பட்டம். 2023-ல் ரோமா, அங்கே லீக்கும் இத்தாலியக் கோப்பையும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் காலிறுதியில் சுவீடனிடம் தோற்றது. 2022 தொடக்கத்தில் ஆசியக் கோப்பை நம் நாட்டில், மும்பையிலும் புனேயிலும் நடந்தது. புனேயில் அரையிறுதியில் சீனாவிடம் பெனால்டியில் தோற்றார்கள். நம் ஊருக்கு வந்தும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கொரோனாக் கெடுபிடியில் அந்தப் போட்டியே யார் கண்ணிலும் படாமல் போனது.

2023 உலகக் கோப்பைக்கு ஜப்பானில் ஒளிபரப்ப ஆளே கிடைக்காமல், போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போதுதான் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. முன்வந்தது. 2011-ல் கோப்பையை எடுத்த அணியிலிருந்து அந்த அணியில் மிச்சமிருந்தது குமகாய் ஒருவர்தான். அந்த 2011 வெற்றியைப் பார்த்துக் கால்பந்து ஆடவந்த பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், நடுவில் இவர்.

ஜூலை 31, வெலிங்டன், ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டம். யாராவது பத்து வயதுப் பெண்ணுக்குச் சென்டர் பேக் வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். பயிற்சியாளர் ஃபுதோஷி இகேதா மூன்று சென்டர் பேக்குகளை நிறுத்தியிருந்தார்: வலப்பக்கம் ஹனா தகாஹாஷி, இடப்பக்கம் மொயேகா மினாமி, நடுவில் குமகாய். ஸ்பெயின் பந்தை விடவே இல்லை, ஆட்டத்தின் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு நேரம் பந்து அவர்களிடம். ஜப்பான் பத்துப் பேரோடு பின்னால் உட்கார்ந்துகொண்டது.

இப்படி உட்காரும் அணிகள் வழக்கமாகப் பதறும். பந்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று போகப் போக ஒருவர் பொறுமை இழந்து முன்னே பாய்வார், அந்த ஓட்டை வழியாக எல்லாம் போய்விடும். அந்த 90 நிமிடம் குமகாயை மட்டும் பாருங்கள். ஓட்டமே குறைவு. இரண்டு அடி வலம், ஒரு அடி பின்னால், கை நீட்டி தகாஹாஷியை உள்ளே இழுப்பது, உள்ளங்கையைக் கீழே தாழ்த்தி மினாமியை 'நில்லு' என்று அமர்த்துவது. ஸ்பெயினின் முன்வரிசைக்குப் பந்து வருகிற நொடியில் அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார். சரிந்து விழுந்து தடுக்க வேண்டிய தேவையே வராது. பந்தைப் பறித்ததும் ஜப்பான் நான்கைந்து பாஸில் எதிர்ப்பக்கம் போய்விடும். மியசாவா இரண்டு, உயெகி ஒன்று, தனகா ஒன்று. 4-0. மூன்று வாரம் கழித்து அதே ஸ்பெயின் உலகக் கோப்பையைத் தூக்கியது. அவர்களை அந்தப் போட்டியில் தோற்கடித்த அணி ஜப்பான் ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் மியசாவாவைப் பற்றிப் பேசினார்கள். ஐந்து கோலோடு தங்கக் காலணி வாங்கியவர், பேசட்டும். ஜப்பான் காலிறுதியில் சுவீடனிடம் 1-2 தோற்றது. உயெகியின் பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டது. ஏன் குமகாய் அடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் டிவியைப் பார்த்துக் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு வருடம் கழித்து அவரே அடித்தார். பாரிஸ், 2024 ஜூலை 28. ஸ்பெயினிடம் தோற்றுவிட்டு வந்த ஜப்பான் பிரேசிலிடமும் 0-1 பின்தங்கியிருந்தது. முதல் பாதி முடிவில் கிடைத்த ஒரு பெனால்டியை தனகா அடித்து, கோல்கீப்பர் பிடித்துவிட்டார். 90 நிமிடம் தாண்டி, பிரேசில் ஆட்டக்காரர் கையில் பந்து பட்டதாக இன்னொரு பெனால்டி. ரென்னில் என்ன பட்டதோ அதேதான் இங்கே எதிரணிக்குப் பட்டது. 33 வயதுக் கேப்டன் பந்தை வாங்கி வைத்து அடித்தார். 1-1. நான்கு நிமிடத்தில் பத்தொன்பது வயது மொமோகோ தனிகாவா, கோல்கீப்பர் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்துத் தூரத்திலிருந்து தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். 2-1. தனிகாவாவின் கோல்தான் எல்லா இடத்திலும் ஓடியது. பரவாயில்லை, அது அப்படிப்பட்ட கோல். காலிறுதியில் அமெரிக்கா. கூடுதல் நேரம் வரை 0-0 என்று தாக்குப்பிடித்து, டிரினிட்டி ராட்மனின் ஒரு கோலில் வெளியே வந்தார்கள்.

2025 ஜனவரியில் ரோமாவை விட்டுக் கிளம்பி லண்டன் சிட்டி லயனஸஸ் அணியில் சேர்ந்தார். அப்போது அது இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகில் இருந்த அணி. ஐந்து சாம்பியன்ஸ் லீக் வாங்கியவர் இரண்டாம் நிலைக்கா என்று சிலர் முகம் சுளித்தார்கள். லியோனை நடத்தும் மிஷெல் காங்தான் அந்த அணிக்கும் சொந்தக்காரர், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு அதைவிட எளிமையான காரணம் ஒன்று தோன்றுகிறது. பின்னால் நின்று ஆட்களை நிறுத்திவைக்கத் தெரிந்தவருக்கு, நிறுத்திவைக்க வேண்டிய அணி ஒன்று வேண்டும். லியோனில் அந்த வேலைக்கு ரெனார் இருந்தார். இங்கே யாரும் இல்லை. மே மாதம் கடைசி ஆட்டத்தில் பர்மிங்ஹாமோடு 2-2 என்று சமன் செய்து அந்த அணி முதல் நிலை லீகுக்கு ஏறியது. இரண்டு கோல் வாங்கியதில் அவருக்கு நிச்சயம் எரிச்சல் இருந்திருக்கும்.